வகுப்பை நிறுத்தினால் மட்டும் போதுமா? ஒரு சித்தியின் கேள்விக்கு விரிவான பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சித்தி கேட்டிருக்கிறார். அக்காவின் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. கணித ரியூஷன் எடுக்கும் சேர் முதலில் பாடக் குறிப்புகளை வட்ஸ்அப்பில் அனுப்பினார். பிறகு இரவில் கதைக்கத் தொடங்கினார், பிறகு படம் கேட்டார். பிள்ளை இரண்டு படங்கள் அனுப்பிவிட்டாள். இப்போது தனியாக வரச்சொல்கிறார், வராவிட்டால் படங்களை வகுப்புக் குழுவில் போடுவேன் என்கிறார். அம்மாவிடம் சொல்லப் பயந்து பிள்ளை சித்தியிடம் சொல்லியிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் பெரியவர்கள் கூடி, வகுப்பை நிறுத்துவது, போனைப் பறிப்பது, கொஞ்ச நாளைக்கு யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் விடுவது, வெளியே ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். "இது போதுமா அக்கா? பொலிசுக்குப் போனால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடாதா? மற்றப் பிள்ளைகளை இனி எப்படிப் பாதுகாப்பது?" என்பது அவர் கேள்வி.

போதாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உளவளத்துணை செய்து 18 வருடமாகிறது. பாடமும் தெருவும் மட்டும் மாறி இதே கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த ஆளின் கையில் இருப்பது இரண்டு படங்கள் என்று வீட்டில் நினைக்கிறார்கள். படம் இல்லாத ஆட்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் நம்பியிருந்தது "அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்" என்ற பிள்ளையின் பயத்தை. "வெளியே தெரியக்கூடாது" என்று வீடு முடிவெடுக்கும்போது அந்தப் பயத்துக்கு வீடே காவல் நிற்கிறது. உங்கள் அக்காவையும் அத்தானையும் குறை சொல்லவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படி நினைத்திருப்பார்கள். ஆனால் வகுப்பை நிறுத்தினால் உங்கள் பிள்ளையின் கதிரையில் நாளை இன்னொரு பிள்ளை வந்து உட்காரும். படங்களும் அந்த ஆளின் போனில்தான் இருக்கும்.

இன்றிரவு செய்ய வேண்டியது சிறிய வேலை, ஆனால் இதைப்போல முக்கியமானது வேறில்லை. பிள்ளையின் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்: "நீ சொன்னது நல்ல வேலை. நான் நம்புகிறேன். பிழை அந்த ஆளுடையது. இனி இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." அவள் அழவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், சிரிப்பாள், போனைக் கேட்டுச் சண்டையும் பிடிப்பாள். "இவளுக்கு ஒரு கவலையும் இல்லை" என்று அதற்குப் பொருள் எடுத்த பெற்றோரைக் கண்டிருக்கிறேன். பயந்த பிள்ளை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே முகம் கிடையாது.

"ஏன் அனுப்பினாய்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. அந்த ஆள் இரண்டு மூன்று மாதம் பொறுமையாக வேலைசெய்து அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு நாளில் எடுத்த முடிவு என்றால்தானே காரணம் சொல்லலாம். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் பண்ணாதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. "தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வேன், அதற்கு முதல் உன்னிடம் சொல்வேன்" என்று சொன்னால் உண்மையும் இருக்கும், மரியாதையும் இருக்கும்.

அடுத்தது, அவளை ஆளுக்கு ஆள் விசாரிக்க விடாதீர்கள். அம்மா ஒரு தடவை, பெரியம்மா ஒரு தடவை, வெளிநாட்டிலிருந்து மாமா வீடியோ கோலில் ஒரு தடவை என்று நடக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் அதை மறுபடி அனுபவிக்கிறாள். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "இதெல்லாம் பெரியம்மா சொல்லிக்கொடுத்தது" என்று சொல்லவும் அது இடம் கொடுக்கும். பிள்ளையின் சாட்சியத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. முழுக் கதையையும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் சொல்வதற்கு அவளை விட்டுவிடுங்கள். நீங்கள் ஒன்றை மட்டும், தனியாக, ஒரே ஒரு தடவை, மெதுவாகக் கேளுங்கள்: படத்தோடு நின்றதா, அதற்கு மேல் ஏதும் நடந்ததா? அந்தப் பதிலைப் பொறுத்து மணித்தியாலக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது போன். அதைப் பறிப்பதும் தண்டனையாக ஒளித்து வைப்பதும் வேண்டாம். எதையும் அழிக்க வேண்டாம். அந்த ஆளை உடனே புளொக் பண்ணவும் வேண்டாம், முதலில் சாட்சியத்தைச் சேமியுங்கள். உரையாடலை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். திகதி, நேரம், தொலைபேசி இலக்கம், கணக்கின் பெயர் தெரிய வேண்டும். தானாக மறையும் செய்தி என்றால் இன்னொரு போனால் படம் பிடியுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரதி எடுக்கவோ, "பாருங்கோ என்ன செய்திருக்கிறான்" என்று அத்தானுக்கு அனுப்பவோ கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286ஏ பிரிவின்படி குற்றம், 2 வருடத்திலிருந்து 10 வருடம் வரை சிறை. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் படம் இன்னொரு போனுக்குப் போனது போனதுதான். அது அவளுடைய போனிலேயே இருக்கட்டும்.

படம் பரவுமோ என்ற பயத்துக்கு ஒரு நடைமுறை உதவி இருக்கிறது. "டேக் இட் டவுன்" என்ற இலவச இணையச் சேவை 2023இலிருந்து இயங்குகிறது, 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போவதில்லை. படத்திலிருந்து கைரேகைபோல ஓர் எண் அடையாளம் போனிலேயே உருவாகி, அது மட்டும் போகிறது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தேடித் தடுக்கின்றன. வயது வந்தவர்களுக்கு "ஸ்டொப் என்சிஐஐ" என்று அதேபோல ஒன்று உண்டு. வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இவை தடுக்காது, அதையும் சொல்லவேண்டும். இங்கே ஹித்தவதி என்ற சேவையும் இணையத் தொந்தரவுக்கு ஆளான பெண்களுக்குத் தமிழிலும் வழிகாட்டுகிறது.

மிரட்டுகிற ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், "ஒரு தடவை வந்து கதை" என்றால் போகவும் விடாதீர்கள். உங்கள் அத்தானும் மாமாமாரும் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் "இரண்டு போடு போட்டுவிட்டு வருகிறோம்" என்று கிளம்பலாம். அந்தக் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது, ஆனாலும் நிறுத்துங்கள். அவர்கள் படியேறும் நேரத்தில் அந்த ஆளின் போன் சுத்தமாகிவிடும். பிறகு அடித்ததற்கு உங்கள் வீட்டு ஆட்கள்மேல்தான் முறைப்பாடு பதிவாகும்.

சரி, யாரிடம் போவது? முதல் அழைப்பு 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 24 மணித்தியாலமும், தமிழிலும் கதைக்கலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை, அதற்கென்று தனிப் பொலிஸ் விசாரணைப் பிரிவும் இருக்கிறது. பெற்றோர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. சித்தி அழைக்கலாம், பக்கத்து வீட்டார் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம். வயது வந்த பெண் என்றால் 1938, மகளிர் உதவிச் சேவை. ஆள் வாசலில் நின்று கதவைத் தட்டினால் 119. பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவு இருக்கிறது. அங்கே பெண் உத்தியோகத்தர் ஒருவரைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் கொழும்புத் தமிழருக்கு வரும் ஒரு சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தாயோடும் மகளோடும் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். பிள்ளை தமிழில் சொன்னாள், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வைக்கச் சொன்னார். தாயும் வைத்துவிட்டார். பல மாதம் கழித்து வழக்குக் கூப்பிட்டபோதுதான் பிள்ளை சொன்ன ஒரு முக்கியமான நாள் அதில் மாறி எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. வாக்குமூலத்துக்கும் சாட்சியத்துக்கும் இடையில் விழுந்த அந்த ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு பிள்ளையை இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்தது. அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாரம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

அதனால் இப்போது எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் பதியச் சொல்லிக் கேட்பது யாரிடமும் கெஞ்சும் காரியம் இல்லை. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருக்கத் தயார் என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கும் வழி இல்லை என்றால் நம்பிக்கையான, சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வைக்காதீர்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் உத்தியோகத்தரின் பெயரையும் எழுதி வாங்குங்கள். "இதைக் கதைத்துச் சமாதானமாக முடித்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால், பொலிசாக இருந்தாலும் கோயில் தர்மகர்த்தாவாக இருந்தாலும், உடன்படாதீர்கள். வேலிச் சண்டை, கொடுக்கல் வாங்கல் போல மத்தியஸ்த சபையில் தீர்க்கிற காரியம் இல்லை இது. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் 1929க்கு மறுபடி அழைத்து அதையே முறைப்பாடாகச் சொல்லுங்கள்.

மணித்தியாலக் கணக்கு என்று சொன்னேன். படத்துக்கு மேல் ஏதும் நடந்திருந்தால், அது கடைசி மூன்று நாட்களுக்குள் என்றால், பொலிசுக்குப் போய்விட்டுத்தான் வைத்தியசாலைக்கு என்று காத்திருக்க வேண்டாம். நேரே அரச வைத்தியசாலைக்குப் போகலாம், அங்கிருக்கும் பொலிஸ் காவலரணில் பதிவு செய்துகொள்வார்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் அப்படித்தான். இந்த நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் தவிரக் கருக்கலைப்புச் சட்டவிரோதம். அதனால் அந்த முதல் மூன்று நாளைத் தவறவிட்ட பிள்ளைகள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். குளிக்காமல் போக முடிந்தால் நல்லது. அன்று உடுத்த உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டு எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் பிடித்துத் தடயம் பழுதாகும். குளித்துவிட்டாள், துவைத்துவிட்டாள் என்றாலும் போங்கள்.

பரிசோதிப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. தாய்மார் என்னிடம் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி, "அதிலே தெரிந்துவிடுமா மிஸ்?" என்பது. கன்னித்தன்மைச் சான்றிதழ் எழுதுவது அவர் வேலை இல்லை. காயம் இருக்கிறதா, தடயம் இருக்கிறதா, சிகிச்சை தேவையா என்று பார்ப்பார். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் இல்லை. பெரும்பாலும் காயம் இருப்பதில்லை. உங்கள் பிள்ளை விஷயத்தில் படத்தோடு நின்றிருந்தால் இந்த அவசரம் இருக்காது. ஆனால் மனத்துக்கும் மருத்துவம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்று ஒரு சிறிய அறை இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச. 2007இல் மாத்தறையில் தொடங்கியது. வாசலில் பெரிய பலகை இருக்காது. வெளிநோயாளர் பகுதியில் பெயரைச் சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள். இரவில் தூக்கமில்லாமல் பயமாக இருந்தால் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்கள் அக்காவுக்கும் அது தேவைப்படும்.

"பொலிசுக்குப் போனால் வாழ்க்கை கெட்டுவிடாதா" என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தச் சொல்லையே கொஞ்சம் பாருங்கள். குற்றம் செய்தவன் ஒருவன், நாம் "கெட்டுப்போனாள்" என்று சொல்வது இன்னொருத்தியை. முந்தி நம் பத்திரிகைகள் "கற்பழிப்பு" என்று எழுதின. அழிந்தது அவளுடைய கற்பு, ஆகவே இழந்தவளும் அவள், வெட்கப்பட வேண்டியவளும் அவள் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடும். இப்போது பாலியல் வன்புணர்வு, துஷ்பிரயோகம், சுரண்டல் என்று எழுதுகிறார்கள், செய்தவனின் செயல் அதில் தெரிகிறது. வீட்டுக்குள் நாம் கதைக்கும் மொழியும் அப்படி மாற வேண்டும். பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. 1995இல் திருத்தியபோது தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 360பி பிரிவு பிள்ளைகள்மீதான பாலியல் சுரண்டலைக் குற்றமாக்கியது. பிள்ளைமேல் தனக்கிருக்கும் செல்வாக்கையோ உறவையோ பயன்படுத்திப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு வழி பண்ணுவது, மிரட்டுவது, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பணமோ பொருளோ கொடுப்பது எல்லாம் அதற்குள் வருகின்றன. தண்டனை 5 வருடத்துக்குக் குறையாமல் 20 வருடம் வரை. "அவள் விரும்பித்தானே அனுப்பினாள்" என்று அந்த ஆளின் ஆட்கள் சொல்வார்கள். சம்மத வயது 16 என்று பலருக்குத் தெரியும். சுரண்டல், ஆபாசப் படம் என்று வரும்போது சட்டம் 18 வயது வரைக்கும் பிள்ளை என்றே பார்க்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பெயர் வெளியே வரும் என்ற பயத்துக்கும் சட்டத்தில் மறுமொழி உண்டு. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 365சி பிரிவின்படி குற்றம். ஆனால் உண்மையாகப் பெயர் வெளியே போவது பெரும்பாலும் நம் ஆட்களால்தான். 2025 மே மாதம் ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டுக் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். இறங்கியது சரி, இறங்கத்தான் வேண்டும். அதே கையால் பிள்ளைகளின் படத்தையும் பாடசாலையின் பெயரையும் குழுவுக்குக் குழு அனுப்புவதை மட்டும் நாம் நிறுத்த வேண்டும். உங்கள் குடும்பத்திலும் யாருக்குத் தெரியவேண்டும் என்று பிள்ளையோடு சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். அதற்கு வெளியே ஒருவருக்கும் வேண்டாம்.

"பிள்ளையை விடுதியில் போட்டுவிடுவார்கள்" என்பது இன்னொரு பயம். துஷ்பிரயோகம் செய்தவர் அதே வீட்டில் இருந்தால் நீதவான் பிள்ளையை வேறிடத்தில் வைக்கச் சொல்லலாம். அப்போதும் பொருத்தமான உறவினர் முன்வந்தால் அவரிடம் ஒப்படைக்க வழி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் வீடு பிள்ளையின் பக்கம் நிற்கிறது. பிள்ளையின் வீட்டு நிலைமையை நீதிமன்றத்துக்கு அறிக்கையாகக் கொடுக்கும் நன்னடத்தை அலுவலரிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வழக்கு உடனே முடியாது. நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. இடையில் அந்த ஆளின் உறவினர் பழத்தட்டோடும் காசோடும் வருவார்கள், வராவிட்டால் மிரட்டுவார்கள். பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் மிரட்டுவது தனிக் குற்றம். 2015இல் வந்த பாதுகாப்புச் சட்டம் 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறியும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1987இலிருந்து இயங்கும் "விமன் இன் நீட்" அமைப்பும் சட்ட ஆலோசனையும் உளவளத்துணையும் கொடுக்கிறது. இன்றைக்கு முடியாது, பிள்ளை தயாராக இல்லை என்று சிலர் நினைப்பார்கள். இந்தக் குற்றங்களுக்குப் பொதுவாக 20 வருடம் வரை வழக்குத் தொடரலாம். சிறுவயதில் நடந்ததை 25 வயதில் சொல்ல வந்த ஒரு மகனை நான் அறிவேன். பிந்திவிட்டது என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

மகன் என்று வேண்டுமென்றுதான் எழுதினேன். பொடியன்கள் பாதுகாப்பானவர்கள் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. 1980களிலும் 90களிலும் இலங்கைக் கடற்கரைகளில் வெளிநாட்டுப் பயணிகள் சுரண்டியது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான். வன்புணர்வுப் பிரிவு பெண்களைப் பற்றியது என்பதால் ஆண் பிள்ளைக்குச் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365பி பிரிவும் 360பியும் அவர்களுக்கும் பொருந்தும். கிரிக்கெட் பயிற்சிக்கும் சமய வகுப்புக்கும் போகிற மகனிடமும் நீங்கள் இதே பேச்சைப் பேச வேண்டும்.

எங்கே நடக்கும் என்று கேட்டால் என் பதில், ஒருவர் கையில் இன்னொருவருக்குத் தேவையான ஒன்று இருக்கும் இடத்தில். மதிப்பெண், சம்பளம், வீசா, கையொப்பம், சாப்பாடு. 2003இல் ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களுக்கு எழுதிய விதியும் இதைத்தான் சொல்கிறது: மற்றவரின் பலவீனமான நிலையையோ, அதிகார வேறுபாட்டையோ, நம்பிக்கையையோ பாலியல் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது சுரண்டல். அந்த விதி வந்து நான்கு வருடத்தில், 2007இல், ஹெயிட்டிக்கு அமைதிப்படையாகப் போன நம் நாட்டு இராணுவத்தினர் 100 பேருக்கு மேல் இதே குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடும் சில்லறையும் கொடுத்துச் செய்த வேலை. கொழும்புக்குள்ளே, மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு இறந்தபோது நாடே பேசியது. நம் அடுக்குமாடிகளில் இன்னும் எத்தனை வீட்டுச் சமையலறையில் அப்படி ஒரு பிள்ளை படுக்கிறாள்? 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது 2021இலிருந்து சட்டவிரோதம். உங்கள் மாடியில் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் அதற்கும் 1929தான். வேலை வாங்கித் தருகிறேன், கோப்பை நகர்த்துகிறேன் என்று அரச அதிகாரி உடம்பைக் கேட்டால் 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழைத்துச் சொல்லலாம். தனியார் அலுவலகம் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, பாலியல் தொந்தரவு, 5 வருடம் வரை சிறை.

மற்றப் பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றிக் கேட்டீர்கள். அந்நியரோடு கதைக்காதே என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோம், நான் கண்ட ஆட்களில் அந்நியர் மிகக் குறைவு. சேர், ஸ்கூல் வேன் அங்கிள், மாமா முறை, மாடி வீட்டு அண்ணா. அவர்கள் முதலில் பிள்ளையைப் பிடிப்பதில்லை, பெற்றோரைப் பிடிக்கிறார்கள். "உங்கட மகள் நல்ல கெட்டிக்காரி, தனியாக ஒரு மணித்தியாலம் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்று வரும் அன்பைச் சந்தேகிக்க நமக்கு மனம் வருவதில்லை. பிறகு பிள்ளையோடு ஒரு சிறிய இரகசியம், அம்மாவுக்குச் சொல்லாதே என்று ஒரு சொக்கலேட். அது கண்டுபிடிபடாமல் போனால் இன்னும் கொஞ்சம் பெரிய இரகசியம். ஆகவே பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது, பெரியவர் ஒருவர் "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொன்னால் அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது. பிறந்தநாள் பரிசு வேறு, இது வேறு என்று நான்கு வயதிலேயே விளங்கும். உடம்பின் உறுப்புகளுக்குச் சரியான பெயரையும் அந்த வயதிலேயே சொல்லுங்கள். பெயர் தெரியாத பிள்ளை எதை வைத்து முறையிடும்?

வகுப்புக்குப் போகும்போது கதவு திறந்திருக்கிறதா, தனியாக ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்கும் பழக்கம் உண்டா என்று பாருங்கள். ஆசிரியர் பிள்ளைக்கு இரவில் தனியாகச் செய்தி அனுப்பாமல், பெற்றோரும் உள்ள குழுவில் மட்டும் அனுப்ப வேண்டும் என்று சேர்ந்து கேளுங்கள். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபிக்கமாட்டார். ஒரு பெற்றோர் கேட்டால் அவருக்குப் பெயர் வைப்பார்கள், பத்துப் பேர் கேட்டால் வகுப்பின் விதியாகிவிடும். இதைவிட முக்கியம், சின்னப் பிழைக்குப் பிள்ளையை நாம் நடத்தும் விதம். கண்ணாடி உடைந்ததற்கும் மார்க்ஸ் குறைந்ததற்கும் அடி வாங்கிய பிள்ளை, படம் அனுப்பியதை ஒருநாளும் வீட்டில் சொல்லாது. உங்கள் அக்கா மகள் உங்களிடம் வந்ததற்குக் காரணம் நீங்கள் முன்பு ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் அவளைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணம் போவது பற்றி அவளிடமே கேளுங்கள். அம்மம்மாவிடம் போக அவளுக்கு ஆசை என்றால் இரண்டு கிழமை போய் வரட்டும். விருப்பமில்லாமல் அனுப்பினால், சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் அவள் எடுப்பாள். பாடசாலையும் சிநேகிதிகளும் பழைய நேர அட்டவணையும் அவளைத் தூக்கி நிறுத்தும். கணிதத்துக்கு வேறு ஒரு மிஸ்ஸைப் பாருங்கள், உங்கள் வீட்டு ஹோலில் எல்லோரும் நடமாடும் இடத்தில் வகுப்பு நடக்கட்டும்.

நாளை காலை கிளம்பும் முன் ஒன்று. போனை வழக்குச் சான்றாகப் பொலிசார் எடுத்துக்கொள்வார்கள், திரும்பிக் கிடைக்க நாள் எடுக்கும். இதை அவளிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் திடீரென்று கேட்டால் பறித்தார்கள் என்றுதான் அவளுக்கு இருக்கும். சிநேகிதிகளின் இலக்கங்களை ஒரு கொப்பியில் அவளே எழுதி வைக்கட்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அக்காவின் அடையாள அட்டை, ஸ்கிரீன்ஷொட் பிரதிகள், போனின் சார்ஜர், ஒரு தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட். காத்திருக்க நேரமாகும். அவள் பக்கத்தில் உங்களைத்தான் இருக்கச் சொல்லுவாள், அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிடுங்கள்.